கொயோட்டிக்குக் குழிப்பொறி வைப்பது எப்படி? இரை, லூர், சிறுநீர் மூன்றையும் சரியாகப் பயன்படுத்தும் முறை

அமெரிக்காவில் மான்டானா, வயோமிங், நெப்ராஸ்கா பக்கம் ஆட்டுப் பண்ணை வைத்திருப்பவர்களுக்குக் குட்டி போடும் காலம் வந்தாலே கொயோட்டி கவலைதான். நரியை விடப் பெரியது, ஓநாயை விடச் சிறியது. அந்தச் சமவெளிகளில் 20 முதல் 35 பவுண்டு எடை இருக்கும். மோப்பமும் சந்தேகமும் மிக அதிகம். புதிதாகக் கற்பவர் தொடங்க வேண்டியது குழிப்பொறியில். ஏதோ ஒரு விலங்கு மிச்ச இறைச்சியைச் சின்னக் குழியில் புதைத்துவிட்டுப் போனதுபோல் அமைப்பதுதான் இதன் உத்தி. அதைத் திருட வரும் கொயோட்டியின் முன்னங்கால் எங்கே ஊன்றுமோ அங்கே பொறி இருக்க வேண்டும். வாசனை அதைக் குழி வரைக்கும்தான் கொண்டுவரும். மீதி எல்லாம் மண்வேலை.

முதலில் சட்டம். உரிமம், பருவம், பொறியில் கட்ட வேண்டிய அடையாளத் தகடு, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கொலராடோ 1996இல் வாக்கெடுப்பு மூலம் கால்பொறிகளுக்குத் தடை போட்டது. கலிபோர்னியா ரோமத்துக்காகப் பொறி வைப்பதையே 2019இல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. விதி எதைச் சொன்னாலும் தினமும் காலையில் பொறியைப் பார்க்க முடியாதவர் பொறி வைக்கக் கூடாது. இரையில் விஷம் கலக்கும் பேச்சே வேண்டாம். கழுகும் பண்ணை நாயும்தான் முதலில் சாகும். இந்தியாவில் இருந்து படிப்பவர்கள் நரிக்கு இதைச் செய்து பார்க்க நினைக்க வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

தேவையானவை

சுருள்வில் கால்பொறி, 2 அல்லது 3ஆம் எண். தாடை விரிவு ஐந்தரை அங்குலம் அளவில் இருந்தால் போதும். தாடைகள் மூடினாலும் நடுவே சிறு இடைவெளி விடும் வகையாகவும், விளிம்பு தடித்ததாகவும் வாங்குங்கள். கால் வெட்டுப்படாது. சங்கிலி குட்டையாக, பொறியின் அடித்தகட்டின் நடுவில் இணைந்திருக்க வேண்டும். அதில் குறைந்தது மூன்று சுழல் வளையங்கள் வேண்டும். இல்லையென்றால் விலங்கு சுற்றிச் சுற்றி முறுக்கும்போது கால் திருகிக்கொள்ளும். இவற்றோடு 18 முதல் 24 அங்குல இரும்புக் கம்பி முளைகள், சுத்தியல், கைக்கொத்து, மண் சல்லடை, மெழுகுக் காகிதம், மண்டியிட ஒரு விரிப்பு, இரண்டு ஜோடி ரப்பர் கையுறை. ஒரு ஜோடி பொறிக்கு மட்டும், இன்னொன்று இரைக்கு மட்டும். இதை மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதைக் கீழே பாருங்கள்.

கடையில் வாங்கிய பொறியில் எண்ணெய் பூசியிருப்பார்கள். சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்து எண்ணெயைப் போக்குங்கள். வெளியில் தொங்கவிட்டு இலேசாகத் துருப்பிடித்த பிறகு, லாக்வுட் என்ற மரத்திலிருந்து எடுக்கும் சாயம் போட்ட தண்ணீரில் கொதிக்க வைத்தால் கறுத்துவிடும். மேற்கொண்டு சீக்கிரம் துரு ஏறாது. பெட்ரோல் கேனுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பொறியின் நடுவில் விலங்கு மிதித்தால் பொறியை மூட வைக்கும் தட்டுதான் மிதிதட்டு. அது சுமார் 3 பவுண்டு அழுத்தத்தில் விழுமாறு அதன் திருகை இறுக்குங்கள். இலேசாக இருந்தால் ஸ்கங்க், ரக்கூன் போன்ற சிறிய விலங்குகள் எல்லாம் மாட்டும். கொயோட்டி வந்தாலும் காலை முழுதாக ஊன்றும் முன்பே பொறி மூடி, விரல் நுனியைத்தான் பிடிக்கும்.

இடமும் காற்றும்

தடமும் விட்டையும் இருக்கும் இடத்தில்தான் வைக்க வேண்டும். பண்ணைப் பாதைகள் சந்திக்கும் முனை, வேலியில் விலங்கு நுழையும் சந்து, ஓடைக்கரை, மேய்ச்சல் நிலம் புதரைத் தொடும் ஓரம். நாய் நடமாடும் வழியில் வேண்டாம். பாதையின் மேலேயே வைக்காமல், காற்று வரும் பக்கமாக 5 முதல் 10 அடி தள்ளி வையுங்கள். காற்று குழியைத் தொட்டு, பொறியைக் கடந்து, பாதைக்கு வீச வேண்டும். கொயோட்டி காற்றை எதிர்கொண்டுதான் வாசனையைத் தேடி வரும். அப்படி வரும் வழியில் பொறி கிடக்கும்.

குழியும் படுக்கையும்

ஒரு புல்கட்டையையோ மண்கட்டியையோ பின்னணியாக வைத்து, அதன் அடியில் 3 அங்குல அகலம், 8 அங்குல ஆழத்துக்கு 45 பாகை சாய்வாகக் குழி தோண்டுங்கள். குழியின் வாயிலிருந்து மிதிதட்டின் நடுப்புள்ளிக்கு 8 அல்லது 9 அங்குலம். நேர்க்கோட்டில் வேண்டாம். 2 அங்குலம் இடமாகவோ வலமாகவோ தள்ளியிருக்கட்டும், ஏனென்றால் முன்னங்கால்கள் உடலின் நடுக்கோட்டில் ஊன்றுவதில்லை.

பொறி உட்காரும் பள்ளம் பொறியைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்க வேண்டும். அதன் அடியில், பொறியின் சங்கிலியைப் பிடித்துக்கொள்ளும் இரண்டு முளைகளைக் குறுக்காகச் சாய்த்து அடித்து இறக்குங்கள். மணல் பூமியில் முளை நிற்காது. அங்கே கம்பிவட நங்கூரம்தான் சரி.

இனி வருவதில் அவசரப்படாதீர்கள். விரித்த பொறியைப் பள்ளத்தில் வைத்து, தாடைகளுக்கு வெளியே சுற்றிலும் மண்ணைப் போட்டு விரல்முட்டியால் குத்திக் குத்திக் கெட்டியாக்குங்கள். பிறகு தாடையின் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஒரு மூலை மயிரிழை ஆடினாலும் மறுபடி மண் போட்டுக் குத்துங்கள். காலடியில் ஏதோ அசைந்தால் கொயோட்டி மிதிக்காது. தோண்ட ஆரம்பிக்கும். மிதிதட்டின் மேல் மெழுகுக் காகிதம் போட்டு, சலித்த காய்ந்த மண்ணைக் கால் அங்குலம் தூவுங்கள். மேல்மட்டம் சுற்றியுள்ள தரையோடு சமமாக, இன்னும் சொன்னால் ஒரு துளி தாழ்வாக இருக்கட்டும்.

வாசனை

இரைக் கையுறைக்கு மாறுங்கள். பீவர் அல்லது கஸ்தூரி எலி (இரண்டும் நீர்நிலைகளில் வாழும் கொறிவிலங்குகள்) இறைச்சி இலேசாக வாடை பிடித்திருந்தால் நல்லது, அழுகிப் புழுத்தது வேண்டாம். நெல்லிக்காய் அளவு துண்டைக் குழியின் அடியில் போட்டு, மேலே காய்ந்த புல்லைத் திணியுங்கள். இறைச்சி மேலிருந்து தெரிந்தால் பருந்தும் கழுகும் இறங்கும். பல மாநிலங்களில் அது விதிமீறலும்கூட.

அடுத்தது லூர், அதாவது பசைபோல இருக்கும் கவர்ச்சி வாசனை. குச்சியில் பட்டாணி அளவு எடுத்துக் குழியின் பின்சுவரில் தடவுங்கள். புதியவர்கள் தவறாமல் அதிகம் போடுவார்கள். அளவு மீறினால் கொயோட்டி பத்தடியிலேயே நின்று சுற்றும், அல்லது குழியை விட்டுவிட்டு உருளத் தொடங்கும். அக்டோபர், நவம்பரில் உணவு வாசனை லூர் எடுபடும். ஜனவரி, பிப்ரவரி இணைசேரும் காலம் என்பதால் சுரப்பிகளிலிருந்து செய்யும் லூரும் சிறுநீரும் முந்திக்கொள்ளும். கடுங்குளிரில் வாசனை எழும்பாது. அப்போது ஸ்கங்க் பீய்ச்சும் கடும் நாற்றமுள்ள சாறு கலந்த லூரைப் பக்கத்து வேலிக்கம்பத்தில் ஒரு பொட்டு வைத்தால் தூரத்திலிருந்தே இழுக்கும்.

கடைசியில் கொயோட்டி சிறுநீரைப் பின்னணிப் புல்கட்டை மேல் இரண்டு மூன்று பீய்ச்சு. இன்னொன்று இங்கே வந்து போயிருக்கிறது என்ற தைரியம் அதற்கு வரும்.

என்ன தவறும்?

பொறி தோண்டி வெளியே எடுக்கப்பட்டிருந்தால் படுக்கை ஆடியிருக்கிறது, அல்லது இரைக் கையுறையால் பொறியைத் தொட்டிருக்கிறீர்கள். குழியில் வீச வேண்டிய வாசனை மிதிதட்டிலிருந்து வந்தால் கொயோட்டி அங்கேதான் தோண்டும்.

பொறி மூடியிருந்து ஒன்றும் மாட்டவில்லையென்றால் தாடை வேகமாக மூடாதபடி கல்லோ உறைந்த மண்ணோ தடுத்திருக்கும். பனிக்காலத்தில் ஈரமண்ணை விட்டுவிட்டு மெழுகு கலந்த மண்ணையோ பீட் பாசியையோ (சதுப்பு நிலத்தில் கிடைக்கும் காய்ந்த பாசி) பயன்படுத்துங்கள். சுற்றிலும் தடம் இருந்தும் மிதிக்கவில்லையென்றால், கால் வைக்கக் கூடாத இடங்களில் கோலிக்குண்டு அளவு மண்கட்டிகளை வையுங்கள். அது கட்டியின் மேல் மிதிக்காமல் சமமான இடத்தைத் தேடிக் கால் வைக்கும்.

மாட்டியது வேறு விலங்கானால் சுருக்குக் கழியால் கழுத்தைப் பிடித்து நிறுத்தி, கனமான துணியால் முகத்தை மூடி, இரு பக்க வில்லையும் பூட்ஸ் காலால் அமுக்கினால் தாடை திறந்துவிடும். அந்தக் கழி வண்டியில் இல்லாமல் பொறியைப் பார்க்கப் போகாதீர்கள்.