பழைய வீட்டு வேட்டை ரைஃபிள்: எந்தத் தோட்டா என்று கண்டுபிடிக்கும் முறை

செட்டிநாட்டில் பல வருஷம் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து சாமான்களை ஒழுங்குபடுத்தும்போது, தோல் பெட்டிக்குள் ஒரு இரட்டைக் குழல் ரைஃபிள் அகப்படுவது உண்டு. உடனே வரும் கேள்வி, “இதுக்குத் தோட்டா எங்கே கிடைக்கும்?” அதைக் கடைசியில் கேட்கலாம். முதலில் எந்தத் தோட்டா என்று தெரிய வேண்டும். குழலில் பொறித்திருக்கும் எண் தோட்டாவின் பாதிப் பெயர்தான். மீதிப் பாதி தெரியாமல் தோட்டா வாங்கிச் சுட்டால் குழல் வெடிக்கலாம்.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. ஆகவே இங்கே சொல்வது இரண்டு பேருக்கு: பரம்பரை ரைஃபிளை முறையாக வைத்திருக்க நினைப்பவர், வெளிநாட்டில் உரிமத்தோடு பெரிய ரைஃபிள் வாங்கப்போகிறவர்.

படி 1: காகிதம்

உரிமம் காலாவதியாகிவிட்டது, அல்லது உரிமக்காரர் காலமாகிவிட்டார் என்றால் ரைஃபிள் வீட்டில் இருப்பதே குற்றமாகலாம். 1959 ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவின்படி தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். ஒப்படைத்ததால் உரிமை போய்விடாது. வாரிசு, தன் பெயரில் உரிமம் கேட்டு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் என்றால் சிவகங்கை. புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்கள் என்றால் புதுக்கோட்டை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபமில்லாக் கடிதம் தயாராக இருக்கட்டும். நம் பக்கம் இழுபறியாவது கடைசிக் கடிதத்தில்தான். வீட்டில் எத்தனை புள்ளி (நகரத்தார் கணக்கில் மணமான ஒரு குடும்பம்) இருந்தாலும் இங்கே கணக்கு உரிமக்காரரின் சட்டப்படியான வாரிசுகள் மட்டுமே. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, பரம்பரையாக வந்ததும் அதில் அடக்கம். உரிமம் ஐந்து ஆண்டு செல்லும்.

இனி வரும் படிகளை உரிமம் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் வைத்தே செய்யுங்கள்.

படி 2: காலி என்று உறுதி செய்தல்

குழல்வாய் ஆளில்லாத பக்கம் இருக்கட்டும். நெம்புகோலைத் தள்ளி ரைஃபிளை மடக்கி, இரண்டு தோட்டா அறைகளையும் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். நெம்புகோல் இறுகியிருந்தால் தட்டித் திறக்காதீர்கள். பழைய எண்ணெய் பிசினாகி இறுகியிருக்கும். உள்ளே தோட்டா இருக்கிறதா என்பது திறக்கும்வரை தெரியாது.

படி 3: குறிகளை வாசித்தல்

குழலின் மேல் “பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்” என்றோ “ரொட்டா, கல்கத்தா” என்றோ இருந்தால், அநேகமாக அது விற்ற கடையின் பெயர். செய்தவர் வேறாக இருக்கலாம். முன்கைக் கட்டையைக் கழற்றி, குழலின் அடித்தட்டையைப் பாருங்கள். லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைக்கூட முத்திரை அங்கேதான் இருக்கும். “கார்டைட் 75, 500” (கார்டைட் என்பது புகையில்லா வெடிமருந்து) போல இரண்டு எண்கள் இருந்தால், முதலாவது அதிகபட்ச மருந்து எடை, இரண்டாவது குண்டின் எடை, இரண்டுமே கிரெயின் என்ற சிறு எடை அளவில். 75, 500 என்பது .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற புகையில்லா மருந்துத் தோட்டாவின் அடையாளம். .450க்கு 70, 480.

மிக ஆபத்தான இடம் .500 எண்தான். மூன்று அங்குலப் பித்தளைக் கூட்டில் கரிமருந்து (பழைய புகை மருந்து) எக்ஸ்பிரஸ், கரிமருந்துத் துப்பாக்கிக்கான மென் நைட்ரோ, முழு நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்று மூன்று வகை உண்டு. மூன்றும் ஒரே அறைக்குள் சிக்கலில்லாமல் நுழையும். கரிமருந்துக்குச் செய்த குழலில் முழு நைட்ரோ தோட்டாவைச் சுட்டால், அந்த அழுத்தத்தைக் குழல் தாங்காது. வெளிச்சுத்தி இருந்தால் கரிமருந்துத் துப்பாக்கி என்று சிலர் சொல்வார்கள். நைட்ரோவுக்கும் சுத்தித் துப்பாக்கிகள் செய்திருக்கிறார்கள், அதனால் அதை நம்ப முடியாது. நைட்ரோ சோதனை முத்திரை இல்லையென்றால் இல்லைதான், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்தியாவுக்கு வந்த ரைஃபிள்களில் .465, .470 அடிக்கடி தென்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. ராணுவத்தின் மார்ட்டினி ஹென்றி ரைஃபிளின் குழல் .450. அந்தக் குண்டுகள் கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்று பயந்து, பிரிட்டிஷ் அரசு 1907 வாக்கில் இங்கே .450 தோட்டா இறக்குமதியைத் தடுத்தது. லண்டன் கம்பெனிகள் தடைக்குத் தப்பும் அளவுகளுக்கு மாறிக்கொண்டன.

படி 4: அளவெடுத்தல்

முத்திரை தேய்ந்திருந்தால் அறையை வார்த்துத்தான் பார்க்க வேண்டும். இதற்கென்றே செரோசேஃப் என்ற கலவை உண்டு. 71 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். குழலை அறைக்குச் சற்று முன்னால் துணியால் அடைத்து, எண்ணெய் துடைத்த அறையில் ஊற்ற வேண்டும். முதல் அரை மணியில் வார்ப்பு சுருங்கும், அப்போதே வெளியே எடுத்துவிடுங்கள். பிறகு விரிந்து, ஊற்றி ஒரு மணி நேரமானதும் அறையின் உண்மை அளவுக்கு வரும்; வெர்னியரை அப்போது வையுங்கள். முன்னதாக அளந்தால் தப்பான எண் கிடைக்கும். கலவையில் காரீயமும் காட்மியமும் இருப்பதால் அடுப்படிப் பாத்திரம் எதையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

குழலின் விட்டத்துக்கு, மென்மையான காரீயத் துண்டை எண்ணெய் தடவிப் பித்தளைக் கம்பியால் தள்ளி வெளியே எடுத்து அளக்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் குழல்கள் பலவற்றின் உள்ளே குண்டைச் சுழற்றும் ஏழு பள்ளங்கள். ஒற்றைப்படை என்பதால் ஒரு பள்ளத்துக்கு எதிரே மேடு வரும். சாதாரண வெர்னியர் குறைத்துக் காட்டும்.

கிடைத்த அளவைப் பெயரோடு ஒப்பிடும்போது குழம்ப வேண்டாம். .404 ஜெஃப்ரியின் குண்டு .423 அங்குலம், .450 நைட்ரோவுக்கு .458, .500க்கு .510. .450/.400க்கு .410 போல வரும், ஆனால் கூடு மூன்று அங்குலமா மூன்றேகாலா என்று வார்ப்புதான் சொல்லும். இன்னும் சந்தேகமென்றால் வரிசை எண்ணை லண்டனுக்கு எழுதுங்கள். ஹாலண்ட், ரிக்பி போன்ற துப்பாக்கிக் கம்பெனிகள் பழைய பேரேட்டைப் பார்த்துக் கட்டணத்துக்குப் பதில் தரும்.

படி 5: புதிதாக வாங்குவதென்றால்

முதல் பெரிய ரைஃபிளுக்கு .375 ஹெச் அண்ட் ஹெச் (ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட்) போதும். 1912இல் வந்தது, 300 கிரெயின் குண்டு நொடிக்கு 2,530 அடி வேகத்தில் 5,700 ஜூலுக்கு மேல் ஆற்றல் தரும். யானை, காட்டெருமைக்கு நமீபியா கேட்கும் 5,400 ஜூலை அது தாண்டிவிடுகிறது. .416 ரிக்பியும் .470ம் 7,000 ஜூலை ஒட்டி வரும், உதையும் அதற்கேற்ப. உதைக்குப் பயந்து கண்ணை மூடிச் சுடுபவருக்குக் கூடுதல் ஆற்றலால் எந்தப் பயனும் இல்லை. .375 தோட்டா ஆப்பிரிக்காவில் பெரும்பாலான கடைகளில் கிடைக்கும் என்பது இன்னொரு லாபம்.

படி 6: கூடு, குண்டு, பிரைமர், மருந்து

இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவின்படி குற்றம். இறக்குமதிக்கும் 10ஆம் பிரிவு உரிமம் வேண்டும். ஆகவே தோட்டாவைத் தாமே தயாரிப்பது பற்றிய இந்தப் படி தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் அந்த ஊர்ச் சட்டப்படி செய்பவர்களுக்கு.

கூடு: நார்மா, ஹார்னடி, பெர்ட்ராம். எல்லாம் ஒரே லாட்டில் வாங்குங்கள்; லாட் மாறினால் உள்கொள்ளளவு மாறும், அழுத்தமும் மாறும். பழைய கைனாக் கூடுகளை ஒதுக்கிவிடுங்கள். அவை பெர்டான் என்ற பழைய வகைப் பிரைமருக்கு (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) ஆனவை; அந்தக் கூட்டில் நடு ஓட்டை இல்லாததால், சுட்ட பிரைமரைத் தள்ளும் டையின் ஊசி முறியும். பாதரசம் கலந்த பிரைமரால் பித்தளையும் நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும்.

குண்டு: பழைய மெல்லிய குழலுக்கு முழுச் செம்புக் குண்டு வேண்டாம், அது குழலை அழுத்தும். உள்ளே காரீயம் உள்ள வுட்லீ வகையே பொருத்தம்.

பிரைமர்: இவ்வளவு பெரிய கூட்டுக்கு ஃபெடரல் 215 போன்ற மேக்னம் வகை. மருந்தின் அளவை அச்சிட்ட கையேட்டைத் தவிர வேறெங்கிருந்தும் எடுக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் வருவது உட்பட. இன்றைய மருந்து கூட்டை நிரப்பாமல் நிற்கும் சில இடங்களில், மேலே இலவம்பஞ்சோ நுரைத் துண்டோ வைக்கும்படி கையேடே சொல்லும்.

இரட்டைக் குழலில் சோதனை எளிது. இரண்டு குழலும் ஒரே புள்ளியில் சேரும்படி ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு இணைத்திருப்பார்கள். 50 கஜத்தில் வலக்குழல் குண்டு வலப்பக்கமும் இடக்குழல் குண்டு இடப்பக்கமும் விலகினால் வேகம் போதவில்லை. குறுக்கே மாறி விழுந்தால் வேகம் அதிகம். கையேட்டின் உச்சத்துக்குள் இருந்தாலும் மருந்தைக் குறையுங்கள்.