முதல் கல்லுக்கு முன்னால்: கலவர ஆவணப்படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எரியும் பேருந்தோடு தொடங்கும் ஆவணப்படங்கள் எத்தனையோ உண்டு. பார்ப்பவரை உட்கார வைக்க அது உதவும், சரி. ஆனால் அந்த ஷாட்டில் தகவல் என்று தேடினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. கொளுத்தியது யார், எத்தனை மணிக்கு, பெட்ரோல் கேன் எங்கிருந்து வந்தது, போலீஸ் அப்போது எந்த முனையில் நின்றது, இதில் எதற்கும் நெருப்பு பதில் சொல்லாது. அரசியல் வன்முறையையும் கும்பல் கலவரத்தையும் படமாக்குகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த நெருப்பு ஷாட்டின் மீதுள்ள ஆசையில்தான் ஆரம்பிக்கின்றன.

அந்த ஆசையின் நேரடி விளைவு, கதையை முதல் கல்லில் தொடங்குவது. இந்தியக் கலவரங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க அரசியல் அறிஞர் பால் பிராஸ், கலவரம் தானாக வெடிப்பதில்லை, தயாரிக்கப்படுகிறது என்றார். முதலில் ஒத்திகை, பிறகு அரங்கேற்றம், கடைசியில் விளக்கம் என்று அதை மூன்று கட்டமாகப் பிரித்தார். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களிடம் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. ஒரு பட்டியலைப் படமெடுப்பதில் எந்தக் கிளர்ச்சியும் கிடையாது. ஆனால் அந்தக் காகிதம் எந்த அலுவலகத்திலிருந்து யார் கைக்குப் போனது என்று பின்தொடர்ந்தால், நூறு நெருப்பு ஷாட் சொல்லாததை அது சொல்லிவிடும். அதற்கு முந்தைய வாரங்களில் மேடையில் பேசப்பட்டது என்ன, ஆட்களை ஏற்றி வந்த வண்டிகளுக்கு யார் பணம் கொடுத்தார்கள், எந்த வதந்தி எந்தக் குழுவில் முதலில் வந்தது என்பதைத் தேடுவதில்தான் படத்தின் உழைப்பில் பாதி போக வேண்டும்.

பிராஸ் சொன்ன மூன்றாவது கட்டத்தையும் கவனியுங்கள். நடந்தது என்ன, யார் மேல் பழி என்ற விளக்கத்துக்கான போட்டி அது. அங்கே ஆவணப்படம் எடுப்பவர் பார்வையாளர் இல்லை, அவரும் ஒரு தரப்புக்குக் கருவியாகலாம்.

அடுத்து, கூட்டத்தைப் புத்தி கெட்ட மிருகமாகக் காட்டுவது. இந்தப் பார்வைக்கு வயது அதிகம். பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லு பான் 1895-லேயே, கூட்டத்தில் சேர்ந்தவன் தன் பகுத்தறிவை இழந்துவிடுகிறான் என்று எழுதிவிட்டார். 1980 ஏப்ரலில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், செயின்ட் பால்ஸ் பகுதியில் நடந்த கலவரத்தை உளவியலாளர் ஸ்டீபன் ரைக்கர் ஆராய்ந்தபோது கிடைத்த சித்திரம் வேறு. கூட்டம் கண்டதையெல்லாம் தாக்கவில்லை. போலீஸ், வங்கி போன்ற இலக்குகளைப் பொறுக்கித்தான் தாக்கியது. கலவரம் ஓர் எல்லைக்குள்ளேயே நின்றது. கூட்டம் யோசித்தது என்று சொல்வது கூட்டத்தை நியாயப்படுத்துவது ஆகாது. சொல்லப்போனால் யோசித்துச் செய்த கொலைதான் பெரிய குற்றம். அதனால் மறுநாள் தெருவுக்குப் போகும்போது உடைந்த கதவை மட்டும் எடுக்காமல், உடையாத கதவையும் எடுங்கள். வரிசையாகப் பத்துக் கடைகளில் ஏழாவது மட்டும் சாம்பலாகியிருந்தால், மற்ற ஒன்பதின் பெயர்ப்பலகைகளும் சாட்சிதான்.

இனி எடிட்டிங் மேசை. பெரிய பெரிய நிறுவனங்கள் வழுக்கி விழுந்த இடம் இது. 1984 ஜூன் 18 அன்று பிரிட்டனில் ஆர்க்ரீவ் நிலக்கரி ஆலை முன்பு வேலைநிறுத்தத்தில் இருந்த சுரங்கத் தொழிலாளர்களுக்கும் போலீசுக்கும் மோதல் நடந்தது. பிபிசியின் செய்தித் தொகுப்பில் தொழிலாளர்கள் கல்லெறிவது முதலிலும், குதிரைப் போலீஸ் பாய்வது பிறகும் வந்தன. நிகழ்வுகளின் வரிசை மாறிப்போனது தவறுதான், அவசரத்தில் நடந்தது என்று நிறுவனம் பின்னாளில் ஒப்புக்கொண்டது. இரண்டு ஷாட்டும் உண்மையானவை. வரிசை மாறியதும் யார் தாக்கினார்கள், யார் திருப்பித் தாக்கினார்கள் என்பதே தலைகீழானது. அந்த நிகழ்வில் 95 பேர் மீது வழக்கு போடப்பட்டு, 1985-ல் விசாரணை நிற்க முடியாமல் சரிந்தது.

நாற்பது ஆண்டு கழித்து அதே நிறுவனத்தின் இன்னொரு நிகழ்ச்சி. டிரம்பின் ஆதரவாளர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டிடத்துக்குள் புகுந்து கலவரம் செய்த 2021 ஜனவரி 6 அன்று, வாஷிங்டனில் அவர் பேசிய உரையிலிருந்து, 50 நிமிடத்துக்கும் மேல் இடைவெளி உள்ள இரண்டு பகுதிகளை ஒரே மூச்சில் பேசியதுபோல ஒட்டி, 2024-ல் ஒளிபரப்பினார்கள். விஷயம் வெளியே வந்ததும், 2025 நவம்பரில் தலைமை இயக்குநரும் செய்திப் பிரிவுத் தலைவரும் பதவி விலகினார்கள். அந்த உரையில் காட்டுவதற்கு விஷயம் இல்லாமலா இருந்தது? ஒட்டாமலே, இரண்டு துண்டுக்கும் நடுவில் ஒரு கறுப்புத் திரையும் நேரமும் போட்டிருந்தால் போதும். ஒரு கட், படம் முழுவதன் மீதும் சந்தேகத்தைக் கொண்டுவந்துவிட்டது.

எனவே எடிட்டிங்கைத் தொடங்குமுன் காலவரிசையை உருவாக்குங்கள். கேமராக்களின் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, ஆகவே படப்பிடிப்பு நாளின் தொடக்கத்தில் ஒவ்வொரு கேமராவிலும் கைப்பேசியில் ஓடும் நேரத்தை ஒரு ஷாட் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. மற்றவர்கள் கைப்பேசியில் எடுத்ததை வாங்கும்போது வாட்ஸாப் வழியாக வாங்காதீர்கள். அது கோப்பைச் சுருக்கிவிடும், எடுத்த நேரம், இடம் பற்றிய தகவலும் போய்விடும். மூலக் கோப்பையே நகலெடுத்து, தொடாமல் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பூட்டி வையுங்கள்.

பல வீடியோக்களை ஒத்திசைக்க, எல்லாவற்றிலும் கேட்கும் ஒரு சத்தத்தைப் பிடிப்பது வழக்கம். கண்ணீர்ப்புகைக் குண்டு வெடிக்கும் சத்தம் என்று வைத்துக்கொள்வோம். ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். குண்டு வெடித்த இடத்தின் அருகே ஒரு கைப்பேசி, 340 மீட்டர் தள்ளி மாடியில் இன்னொன்று இருந்தால், மாடி வீடியோவில் சத்தம் ஒரு நொடி தாமதமாகப் பதிவாகியிருக்கும். அதைக் கணக்கில் எடுக்காமல் இரண்டையும் பொருத்தினால், குண்டு முதலிலா கல் முதலிலா என்ற கேள்விக்கே தப்பான விடை வந்து நிற்கும்.

ஸ்லோமோஷன் பற்றியும் சொல்ல வேண்டும். வன்முறைக் காட்சியை மெதுவாக ஓட்டிக் காட்டும்போது, தாக்கியவர் வேண்டுமென்றே செய்தார் என்று பார்ப்பவர்கள் நினைப்பது கூடுகிறது என 2016-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. யோசிக்க அவருக்கு நிறைய நேரம் இருந்ததுபோலத் தோன்றிவிடுகிறதாம். மெதுவாகக் காட்டியே ஆக வேண்டும் என்றால் இயல்பான வேகத்திலும் ஒரு தடவை காட்டிவிடுங்கள். டெலிஃபோட்டோ லென்ஸும் லேசுப்பட்டதல்ல. தூரத்து ஆட்களை நெருக்கிக் காட்டி, ஐம்பது பேரை ஒரு படையாக்கிவிடும். வேறு ஊர்க் கலவரத்தின் காட்சியை இடைவெளியை நிரப்பப் பயன்படுத்துவது பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. ஒரு பெயர்ப்பலகையை ஒருவர் அடையாளம் கண்டால் போதும், படத்தை மறுப்பவர்களுக்கு ஆயுதம் கிடைத்துவிடும்.

காப்பாற்ற முடியாத வாக்குறுதி கொடுப்பது இன்னொரு தவறு. “இந்த ஃபுட்டேஜ் எங்கள் கையை விட்டுப் போகாது” என்று பேட்டி கொடுப்பவரிடம் சொல்லாதீர்கள். ஜனவரி 6 கலவரத்தின்போது பிரவுட் பாய்ஸ் என்ற தீவிர வலதுசாரிக் குழுவோடு இருந்து படமெடுத்த ஆவணப்பட இயக்குநர் நிக் குவெஸ்டட், 2022 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் சாட்சியாக உட்கார்ந்தார். அவர் எடுத்த காட்சிகளும் அங்கே திரையிடப்பட்டன. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் சோதனை, சம்மன், பறிமுதல், திருட்டு என்று ஃபுட்டேஜ் வெளியே போகும் வழிகள் எங்கும் உண்டு. முகத்தை மங்கலாக்குவது கடைசியில் வெளியாகும் படத்தில்தான். ஹார்ட் டிஸ்க்கில் உள்ள மூலத்தில் முகம் அப்படியே இருக்கும். அடையாளம் தெரியக்கூடாதவரை, எடுக்கும்போதே தெரியாமல் எடுங்கள். கை, முதுகு, நிழல் போதும். அதிலும் கையில் மோதிரமோ தழும்போ இருக்கிறதா என்று பாருங்கள், பின்னால் ஜன்னலில் கோபுரமோ கடைப்பலகையோ தெரிகிறதா என்றும் பாருங்கள். குரலின் சுருதியை மாற்றுவதை நம்ப வேண்டாம், அதைத் திருப்பிப் பழைய குரலைக் கொண்டுவர முடியும். அவர் சொன்னதை வேறொருவரைப் பேசவைப்பதே பாதுகாப்பு.

ஆபத்து படம் எடுத்துவிட்டுக் கிளம்பும் இயக்குநருக்கு அல்ல, அந்த ஊரிலேயே இருக்கும் உதவியாளருக்கும் ஓட்டுநருக்கும்தான். 1965-66 இந்தோனேசியப் படுகொலைகளைப் பற்றி 2012-ல் வந்த ‘தி ஆக்ட் ஆஃப் கில்லிங்’ படத்தின் பெயர்ப் பட்டியலில் இந்தோனேசியர்கள் பலர் ‘அனாமதேயர்’ என்றே இருக்கிறார்கள். கொலைகள் நடந்து அரை நூற்றாண்டு ஆகப்போகும் நேரத்திலும் அந்த நிலை.

பாதிக்கப்பட்டவரின் பேட்டியில் நடக்கும் கொடுமை, அழும்வரை காத்திருப்பது. அதைவிட மோசம், மைக் சரியில்லை என்று சொல்லி மகன் செத்த கதையைத் திரும்பச் சொல்ல வைப்பது. மைக்கை முன்னாலேயே சோதியுங்கள். அதிர்ச்சியில் இருக்கும் நாளில் வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், சில வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பேட்டி படத்தில் இல்லை, அவ்வளவுதான். அவர் சொல்லும் நேரமும் வரிசையும் மற்றவர் சொல்வதோடு பொருந்தாமல் போகலாம். அதிர்ச்சியில் நினைவு அப்படித்தான் இருக்கும், அதற்காகப் பொய்யென்று ஒதுக்கிவிடக் கூடாது. சரிபார்க்காமல் அப்படியே போடவும் கூடாது.

நடுநிலை என்ற பெயரில் “இரு தரப்பினரும் மோதிக்கொண்டனர்” என்று பின்னணிக் குரலில் எழுதிவிடுவதும் உண்டு. செத்தவர்கள் யார், எரிந்த வீடுகள் யாருடையவை, கைதானவர்கள் யார் என்று மூன்று பட்டியல் போட்டுப் பார்த்தபிறகு அந்த வாக்கியம் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை சொல்லும்போது அது அரசின் கணக்கா, மருத்துவமனைக் கணக்கா, அமைப்புகளின் கணக்கா என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள். குற்றம் சாட்டப்படுபவருக்குப் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுங்கள். எந்தத் தேதியில் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்பதற்கு எழுத்து வடிவில் ஆதாரம் இருக்கட்டும்.

கேமராவைப் பார்த்ததும் நடிக்கிற கும்பலும் உண்டு. லென்ஸைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கல்லை ஓங்குகிறான் என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள். இறக்கியபிறகும் அவன் எறிந்தானா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எடிட்டரை மறந்துவிடுகிறார்கள். களத்தில் ஒரு தடவை நடந்ததை அவர் நூறு தடவை பார்க்கிறார். முதல் சுற்றில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கலாம். தொந்தரவு செய்வது பெரும்பாலும் அலறல்தான். எந்தக் கோப்பில் எந்த நிமிடத்தில் பிணம் வருகிறது என்று பெயரிலேயே குறித்துவைத்தால், எதிர்பாராமல் அதில் போய் மோதமாட்டார். இரவில் தனியாக உட்கார்ந்து அந்த ரீல்களைப் பார்க்க விடாதீர்கள். பட்ஜெட்டில் இதற்கென்று நாட்களை ஒதுக்கச் சொல்லித் தயாரிப்பாளரிடம் முதல் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.