பேட்டரி வாங்கும்போதே அது திரும்பிப் போகும் வழியையும் பேசிவிடுங்கள்

மின்வாகனங்களுக்கு பேட்டரி கொள்முதல் செய்வது என் வேலை. வந்த புதிதில் விலை, வாரண்டி, டெலிவரி தேதி, இவ்வளவுதான் பார்ப்பேன். அப்புறம் ஒரு நாள் பழுதான பேக் ஒன்று, அதாவது பல செல்களை இணைத்துச் செய்த முழு பேட்டரி, மேசைக்கு வந்தது. ஒவ்வொரு செல்லின் வோல்ட்டேஜையும் காட்டும் சென்ஸ் வயர்களில் மல்டிமீட்டரை வைத்தால் மற்ற செல்களெல்லாம் 3.3 வோல்ட், ஒன்று மட்டும் 1.9. மாற்றிவிடலாம் என்று ஸ்க்ரூவெல்லாம் கழற்றினோம். மூடி அசையவில்லை, உள்ளே பசை ஊற்றி இறுக்கியிருந்தார்கள். ஒரு செல்லுக்காக முழு பேக்கும் கழிவாயிற்று. இன்றும் மனசு ஆறவில்லை.

அதனால், ஆர்டர் போடுமுன் மாதிரி பேக்கை உங்கள் கண்முன் திறந்து காட்டச் சொல்லுங்கள். பி.எம்.எஸ். (செல்களைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு) தரவைப் படிக்கும் உரிமையையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கொள்ளளவு 70-80 சதவீதத்துக்கு இறங்கி வண்டிக்கு ஆகாமல் போன பேக், சூரிய மின்சாரத்தைச் சேமிக்க இன்னும் சில வருடம் உழைக்கும். ஆனால் அதன் சார்ஜ் வரலாறு இல்லையென்றால் ஒவ்வொன்றையும் சார்ஜ் ஏற்றி இறக்கிச் சோதிக்க வேண்டும். அந்தச் செலவே லாபத்தைத் தின்றுவிடும்.

தினமும் ஒரே தடத்தில் ஓடும் வண்டிகளுக்கு எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி போதும். அதில் கோபால்ட்டும் நிக்கலும் கிடையாது. அதே காரணத்தால் மறுசுழற்சியில் அதற்கு விலையும் குறைவு. கடைசியில் யார் செலவில் திருப்பி எடுப்பது என்பதை வாங்கும் அன்றே முடிவு செய்யுங்கள்.

கோபால்ட் உள்ள செல்தான் வேண்டுமென்றால் 'எங்கள் சரக்கு சுத்தமானது' என்ற கடிதத்தோடு திருப்தி அடையாதீர்கள். உலகக் கோபால்டில் பெரும்பங்கு காங்கோவில் தோண்டப்படுகிறது, அதில் ஒரு பகுதி கையால். உலகக் கோபால்டின் பெரும்பகுதி சீனாவில் சுத்திகரிக்கப்படுகிறது. பல சுரங்கங்களின் சரக்கு ஒன்றாகக் கலப்பது சுத்திகரிப்பில்தான். ஆகவே சுத்திகரிப்பு ஆலையின் பெயரையும் தொகுதி (பேட்ச்) எண்ணையும் கேளுங்கள். 2027 பிப்ரவரி 18 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் மின்வாகன பேட்டரிகளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் (பேட்டரியின் விவரங்கள் அடங்கிய மின்னணுப் பதிவு) கட்டாயம். நீங்கள் அங்கே விற்காவிட்டாலும் அதிலுள்ள விவரங்களைக் கேட்டு வாங்கலாம்.

மறுசுழற்சியாளரிடம் ஒரே கேள்வி போதும்: லித்தியம் எங்கே போகிறது? உலையில் உருக்கினால் அது பெரும்பாலும் கசடோடு போய்விடும். ஐரோப்பிய விதி 2027 இறுதிக்குள் 50 சதவீத லித்தியத்தையும், 2031 இறுதிக்குள் 80 சதவீதத்தையும் மீட்கச் சொல்கிறது. நான் அதையே அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

அனுப்பும் நாளில் டெர்மினல்களை இன்சுலேட் செய்து, சீரியல் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண் ஆலையில் இறங்கியதற்கான ரசீது கைக்கு வரும்வரை ஃபைலை மூடாதீர்கள்.