நர்சிங் முதல் வருஷம்: படித்தது வார்டில் கைகொடுக்கும்படி படிப்பது எப்படி?

பிளஸ் டூவில் உயிரியலில் நல்ல மார்க் எடுத்துவிட்டு பி.எஸ்சி. நர்சிங் சேருகிறவர்கள், கல்லூரியே நடத்தும் முதல் இன்டர்னல்ஸ் தேர்விலேயே திணறுவது வழக்கமாக நடப்பதுதான். சோம்பேறித்தனம் காரணம் இல்லை, விடிய விடிய உட்கார்ந்துதான் படிக்கிறார்கள். ஆனால் வரி வரியாக உருப்போட்டு அப்படியே எழுதுகிற பழைய முறை இங்கே பாதி தூரம்தான் வரும். 'சிஸ்டர், இந்த மாத்திரை எதுக்கு?' என்று நோயாளி கேட்பார். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் எக்ஸாமினர் அதையே வேறு விதமாகக் கேட்பார். இரண்டுக்கும் பதில் சொல்லும்படி படிக்க வேண்டும்.

முதல் இரண்டு செமஸ்டர் மாணவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். தேவையான பொருட்கள்: ஒரு ரஃப் நோட்டு, சிவப்புப் பேனா, யூனிஃபார்ம் பாக்கெட்டில் அடங்கும் சின்ன நோட்டு, ஏ4 தாளை நான்காக வெட்டிய துண்டுகள். ஹைலைட்டர் வேண்டாம். பக்கம் முழுக்க மஞ்சள் அடித்தால் படித்த திருப்தி வரும், அவ்வளவுதான்.

படி 1: பாடத்துக்கு ஏற்ற முறையைத் தேர்ந்தெடுங்கள்

இந்திய நர்சிங் கவுன்சிலின் இப்போதைய பாடத்திட்டம் 4 வருஷம், 8 செமஸ்டர். முதல் செமஸ்டரில் அனாடமி, பிசியாலஜி, சோஷியாலஜி, சைக்காலஜி, கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ், நர்சிங் ஃபவுண்டேஷன் என்று ஆறும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாதிரி வந்து நிற்கும். எல்லாவற்றையும் ஒரே மாதிரி படிக்கக் கூடாது.

அனாடமியை வரைந்து படியுங்கள். படம் அழகாக வர வேண்டாம், பெயர் சரியான இடத்தில் இருந்தால் போதும். பிசியாலஜியை அம்புக்குறி போட்டு, 'இது நடந்தால் அது நடக்கும்' என்று சங்கிலியாக எழுதுங்கள். ஃபவுண்டேஷனைக் கையால் செய்து படிக்க வேண்டும். சோஷியாலஜிக்கு எழுதிப் பார்ப்பது போதும். அதற்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 2: புத்தகத்தை மூடுங்கள்

20 நிமிடம் படியுங்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வெற்றுத் தாளில் நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதுங்கள். தமிழும் இங்கிலீஷும் கலந்து வந்தாலும் பரவாயில்லை. அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவில் சேருங்கள். நாளைக்கு நீங்கள் படிக்க வேண்டியது அந்தச் சிவப்பு எழுத்துகளை மட்டும்தான்.

முதல் வாரம் இது கடுப்பாக இருக்கும். தாளில் நாலு வரி கூடத் தேறாது. 'இதுக்கு இன்னொரு தடவை வாசிச்சிருக்கலாமே' என்று தோன்றும். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் இதைச் சோதித்தார்கள். படித்து 5 நிமிடத்தில் கேட்டபோது, திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள்தான் நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். பரீட்சை அன்று காலையில் எல்லாம் தெரிந்த மாதிரி இருந்து, ஹாலில் கை நின்றுபோகிறதே, அதற்கான விளக்கம் இதில் இருக்கிறது.

படி 3: 'அதனால் நான் என்ன செய்யணும்?'

மற்ற எந்தப் படியை விட்டாலும் இதை விடாதீர்கள். மருந்து, நோய், லேப் அளவு என்று எதைப் படித்தாலும் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுங்கள். டாக்டருக்குப் படிக்கிறவர் நிறுத்துகிற இடத்திலிருந்து ஒரு அடி தள்ளிப் போக வேண்டிய படிப்பு நம்முடையது.

ஃபுரோசமைடு என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். வார்டில் லாசிக்ஸ் என்றுதான் சொல்வார்கள். சிறுநீரகத்தில் சோடியம் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். சோடியத்தோடு தண்ணீர் வெளியேறும், கூடவே பொட்டாசியமும் போகும். புத்தகம் சொல்வது இவ்வளவு. இனி கட்டத்தை நிரப்புங்கள்.

நீர் அதிகம் போகும். அதனால் வாய்ப்பிருந்தால் காலையில் கொடுப்பார்கள், ராத்திரி தூக்கம் கெடாது. ரத்த அழுத்தம் குறையலாம். அதனால் கொடுக்கும் முன் பி.பி. பார்க்கணும், படுக்கையிலிருந்து மெதுவாக எழுந்திருக்கச் சொல்லணும். உடம்பிலிருந்து எவ்வளவு நீர் வடிந்தது என்று தெரியணும். அதனால் உள்ளே போன நீர், வெளியேறிய நீர் இரண்டையும் குறிக்கும் இன்டேக் அவுட்புட் சார்ட்டை ஒழுங்காக எழுதணும், தினமும் ஒரே நேரத்தில் எடை பார்க்கணும். பொட்டாசியம் குறையும். அதனால் ரிப்போர்ட்டில் 3.5 முதல் 5.0 வரை இருக்கிறதா என்று பார்க்கணும், தசை பலவீனம், சீரற்ற துடிப்பு தெரிந்தால் உடனே சொல்லணும்.

அதே நோயாளி டிகாக்சின் என்ற இதய மருந்தும் எடுத்துக்கொண்டால்? பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் நச்சுத்தன்மை எளிதில் வந்துவிடும். அதனால் டிகாக்சின் கொடுக்கும் முன் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து முழு ஒரு நிமிடம் துடிப்பை எண்ணணும். பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் நிறுத்தி, டாக்டரிடம் சொல்லணும். ஃபார்மகாலஜி மூன்றாவது செமஸ்டரில்தான் வரும். ஆனால் வார்டுக்குப் போன நாளிலிருந்தே இந்த இரண்டு பெயரும் கேஸ் ஷீட்டில் கண்ணில் படும்.

நம் ஊர் வார்டுகளில் தினமும் நடக்கிற ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'உடம்புக்குக் குளிர்ச்சி' என்று சொந்தக்காரர்கள் இளநீர் வாங்கி வருவார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். லாசிக்ஸில் இருப்பவருக்கு அது உதவலாம். ஆனால் சிறுநீரகம் செயலிழந்தவருக்குப் பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கி, இதயத் துடிப்பையே குலைத்துவிடும். அதனால் யாருக்கு என்ன டயட் எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் 'குடிங்கம்மா' என்று சொல்லணும். ஒரு மருந்தில் ஆரம்பித்து நியூட்ரிஷன் பாடத்துக்கே வந்துவிட்டோம், பார்த்தீர்களா?

படி 4: ஒரு நாளைக்கு ஒரு நோயாளி

சென்னையில் படிப்பதில் பெரிய வசதி, இங்கே பார்க்காத கேஸ் என்று ஏதும் இருக்காது. சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை, ராயபுரம் பக்கம் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை, எழும்பூரில் குழந்தைகள் மருத்துவமனை என்று எங்கே போஸ்டிங் போட்டாலும் வார்டு நிரம்பித்தான் இருக்கும். கூட்டத்தில் மிரண்டு, சுவரோரம் நின்று நேரத்தை ஓட்டிவிட்டு வருகிறவர்களும் உண்டு.

அன்றைக்கு ஒரே ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுங்கள். சின்ன நோட்டில் வயது, என்ன நோய், என்ன மருந்து, இன்றைய வைட்டல்ஸ் (நாடி, மூச்சு, பி.பி., உடல் சூடு), அவர் சொன்ன ஒரு தொந்தரவு, இவை போதும். பெயரோ, அட்மிஷன் போடும்போது கொடுக்கும் ஐ.பி. நம்பரோ எழுதக் கூடாது. கேஸ் ஷீட்டைப் போனில் படம் எடுக்கவே கூடாது.

ஹாஸ்டலுக்கு வந்ததும் புத்தகத்தில் அந்த நோயை எடுங்கள். கேஸ் ஸ்டடியில் புக் பிக்சர் (புத்தகம் சொல்வது), பேஷண்ட் பிக்சர் (நோயாளியிடம் பார்த்தது) என்று இரண்டு பத்தி போடச் சொல்வார்கள் இல்லையா? பெரும்பாலானவர்கள் அதை ரெக்கார்டு முடிக்கிற அவசரத்தில் சீனியர் நோட்டைப் பார்த்து நிரப்புகிறார்கள். அதைத் தினமும் கால் மணி நேரம் உண்மையாகச் செய்யுங்கள். புத்தகத்தில் இருந்து நோயாளியிடம் இல்லாத அறிகுறி எது, ஏன் இல்லை என்று யோசித்து, மறுநாள் டியூட்டரிடமோ வார்டு சிஸ்டரிடமோ கேளுங்கள். டியூட்டி மாறும் ஹேண்டோவர் நேரத்தில் மட்டும் கேட்காதீர்கள், திட்டு விழும்.

படி 5: கணக்குக்குப் பயப்படாதீர்கள்

மருந்துக் கணக்கில் அடிக்கடி வருவது இரண்டு.

முதலாவது: கொடுக்கச் சொன்ன அளவை, கையில் இருக்கும் மருந்தின் அளவால் வகுத்து, அது கலந்திருக்கும் மி.லி.யால் பெருக்குங்கள். பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.யில் 250 மி.கி. இருக்கிறது. குழந்தைக்கு 150 மி.கி. எழுதியிருக்கிறார்கள். 150 ÷ 250 × 5 = 3 மி.லி.

இரண்டாவது, டிரிப்: மொத்த மி.லி. × செட்டின் (டிரிப் குழாயின்) சொட்டு அளவு ÷ நிமிடங்கள். 500 மி.லி. சலைன் 4 மணி நேரத்தில் போக வேண்டும், செட்டில் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு. 500 × 20 ÷ 240 = 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு. சொட்டு அளவு செட்டின் உறையிலேயே அச்சடித்திருக்கும், பார்க்காமல் கணக்குப் போடாதீர்கள். மைக்ரோ செட் என்றால் ஒரு மி.லி.க்கு 60 சொட்டு.

கணக்குப் போடும் முன் விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று மனதுக்குள் சொல்லுங்கள். அந்த சிரப்பில் 125 மி.கி.க்கே 2.5 மி.லி. வரும், ஆகவே 150-க்குக் கொஞ்சம் கூடுதல். 30 என்று விடை வந்தால் புள்ளி தப்பியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். தினமும் மூன்று கணக்கு, கால்குலேட்டர் இல்லாமல்.

படி 6: புரொசீஜரை வாய்விட்டுச் சொல்லிச் செய்யுங்கள்

ரூமில் மூன்று பேர் போதும். ஒருவர் நர்ஸ், ஒருவர் நோயாளி, ஒருவர் கையில் செக்லிஸ்ட். நர்ஸாக இருப்பவர் ஒவ்வொன்றையும் ஏன் செய்கிறோம் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். 'சோப்புப் போட்டு 40 முதல் 60 நொடி கை கழுவுகிறேன், என் கையிலிருந்து நோயாளிக்குக் கிருமி போகாமல் இருக்க.' செக்லிஸ்ட் வைத்திருப்பவர் நடுவில் குறுக்கிடக் கூடாது, விட்டதை முடிவில் சொன்னால் போதும். மூச்சை எண்ணும்போது மணிக்கட்டிலிருந்து கையை எடுக்காமல், நாடி பார்ப்பது போலவே பிடித்தபடி எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சின் வேகம் மாறிவிடும்.

படி 7: அட்டைகளை இடைவெளி விட்டுப் பாருங்கள்

நான்காக வெட்டிய ஏ4 துண்டுகள்தான் அட்டை. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். இன்று எழுதியதை நாளை, பிறகு 3 நாள் கழித்து, பிறகு ஒரு வாரம், பிறகு இரண்டு வாரம். தப்பாகச் சொன்ன அட்டை மறுபடி முதல் நாளுக்குப் போகும். போனில் ஆங்கி என்ற ஆப் இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். தாம்பரத்திலிருந்து பீச் லோக்கலில் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களுக்கு, அந்தப் பயணமே இதற்குத் தாராளம். உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் அட்டையைப் புரட்ட ஒரு கை போதுமே.

நைட் டியூட்டி முடித்த அன்று புதிதாக எதையும் படிக்காதீர்கள். தூங்குங்கள்.

படி 8: தமிழில் புரிந்துகொண்டு இங்கிலீஷில் எழுதுங்கள்

தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள் இதில்தான் தயங்குகிறார்கள். ரூம்மேட்டுக்குத் தமிழில் விளக்குங்கள். தடையில்லாமல் சொல்ல முடிந்தால் பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு அதையே சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியங்களாக எழுதுங்கள். ஹைப்போ என்றால் குறைவு, ஹைப்பர் என்றால் அதிகம், டாக்கி வேகம், பிராடி மெதுவு, ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி. இப்படி ஒரு பக்கப் பட்டியல் போட்டு வைத்தால், பயமுறுத்துகிற நீளமான பெயர்களில் பாதி தானாகப் பிரிந்துவிடும்.

கிண்டியில் இருக்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பழைய கேள்வித்தாள்களை சீனியர்களிடமோ லைப்ரரியிலோ வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு எஸ்ஸே, இரண்டு ஷார்ட் நோட்ஸ், போனில் டைமர் வைத்து எழுதுங்கள். தலைப்பு, படம், நர்சிங் மேனேஜ்மென்ட் (நர்ஸ் செய்ய வேண்டியவை) மூன்றும் தனித்தனியாகக் கண்ணில் பட வேண்டும். படி 3-ல் நிரப்பிய கட்டம் முழுக்க இந்த நர்சிங் மேனேஜ்மென்ட்டில் வந்து உட்காரும். எழுதி முடித்ததும் திருத்தக் கொடுங்கள், உயிர்த்தோழியிடம் வேண்டாம். வகுப்பிலேயே அரை மார்க் போடவும் யோசிக்கிற ஆள் ஒருத்தி இருப்பாளே, அவளிடம்.