எல்எம்எல், வெஸ்பால 177 கிட் போடுறீங்களா, இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

பழைய வெஸ்பா பிஎக்ஸ் 150 டைப் இன்ஜின்ல போர், அதாவது சிலிண்டர் உள் விட்டம், 57.8 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேல கீழ போற தூரம், 57 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக்கை தொடாம 63 மில்லி சிலிண்டர், பிஸ்டன் செட் (இதைத்தான் கிட்டுன்னு சொல்றது) போட்டா 177 சிசி வந்துடும். எல்எம்எல் வெஸ்பா வச்சிருக்கறவங்கள்ல இழுவை பத்தலைன்னு நினைக்கறவங்க இதைத்தான் பண்றாங்க, டிஆர், பொலினி, மலோஸி, பினாஸ்கோன்னு இத்தாலி கிட்டுங்க இருக்கு. போட்டு கொஞ்ச நாள்ல பிஸ்டன் சூடேறி சிலிண்டர்ல சிக்கி சீஸ் ஆச்சுன்னா பழி மொத்தமும் கிட் மேல விழுது. பெரும்பாலும் தப்பு கிட் மேல இருக்காது. வரிசை தப்பியிருக்கும், அதாவது இன்ஜின் எங்கயாவது காத்து இழுக்குதான்னே பாக்காம கார்பரேட்டர்ல பெட்ரோல் அளவை முடிவு பண்ற ஜெட்டை மாத்திக்கிட்டு இருப்பாங்க, பொறி விழற டைமிங் செக் பண்ணாமலே பெரிய சைலன்சர் வாங்கி மாட்டியிருப்பாங்க.

இன்னொண்ணு, கிட் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி சிலிண்டரைக் கழட்டி கிராங்க் கேஸைப் பாருங்க. எல்எம்எல்ல கிராங்கே இன்லெட்டைத் திறந்து மூடற ரோட்டரி இன்ஜினும் உண்டு, மெல்லிசு தகடு திறந்து மூடற ரீட் வால்வ் இன்ஜினும் உண்டு, கேஸ்லருந்து சிலிண்டருக்கு கலவை ஏர்ற டிரான்ஸ்ஃபர் போர்ட் அமைப்பு ரெண்டுலயும் ஒண்ணா இருக்கும்னு நம்பி வாங்கிடாதீங்க.

முதல் தப்பு, ரொம்ப பெரிய தப்பு, பழைய ஆயில் சீலோட கிட்டை ஏத்தறது. டூ ஸ்ட்ரோக்ல கிராங்க் கேஸே ஒரு பம்ப் மாதிரி தான் வேலை செய்யுது, அதுக்குள்ள வெளிக்காத்து புகுந்தா பெட்ரோல் பங்கு குறைஞ்சு லீன் ஆயிடும், நீங்க எந்த ஜெட் போட்டாலும் கணக்கு நிக்காது. மேக்னெட் பக்கம் சீல் போச்சுன்னா ஐடிலிங் ஏறும், ஆக்சிலேட்டரை விட்டாலும் ஆர்பிஎம் உடனே இறங்காது. கிளட்ச் பக்கம் போச்சுன்னா கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளப் புகையா கக்கும், கியர் ஆயில் லெவல் இறங்கும், பிளக் கறுப்பா இருக்கறதால "ரிச்சா (பெட்ரோல் கூடுதலா) ஓடுது, ஜெட்டை குறைக்கலாம்"னு ஒருத்தர் சொல்லுவார், அங்க தான் வினையே. கிட் போடும்போது ரெண்டு சீலும் புதுசு போடுங்க. முடிஞ்சா இன்லெட், எக்ஸாஸ்ட் ரெண்டையும் அடைச்சு கை பம்புல 6 பிஎஸ்ஐ மட்டும் ஏத்தி அஞ்சாறு நிமிஷம் கேஜ் இறங்காம நிக்குதான்னு பாருங்க. அதுக்கு மேல ஏத்தினா சீல் பிதுங்கிடும். கேஜ் இறங்குச்சுன்னா சோப்புத் தண்ணி தடவிப் பாத்தா குமிழி காட்டிக் கொடுத்துடும்.

ரோட்டரி இன்ஜின்னா கேஸ்ல இன்லெட் வாயைச் சுத்தி, கிராங்க் வெப் (கிராங்கோட வட்டத் தட்டு) உரசாம ஒட்டி ஓடற அந்த பேடையும் பாத்துடுங்க. உள்ள ஏதாவது துகள் போய் அதுல ஆழமா கோடு விழுந்திருந்தா கலவை கார்பரேட்டர் வழியா திருப்பி அடிக்கும், ஏர் ஃபில்டர் பெட்ரோல்ல நனைஞ்சு கிடக்கும். கிராங்கை அரத்தால வெட்டி இன்லெட் நேரத்தைக் கூட்டறேன்னு கண்ணளவுல ராவுறதும் இதே கதில தான் முடியும்.

அடுத்தது ஸ்குவிஷ், அதாவது பிஸ்டன் முழுசா மேல வந்து நிக்கும்போது ஓரத்துல ஹெட்டுக்கும் அதுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி. இதை அளக்காமலே ஹெட்டை மூடிடறாங்க. அளக்க ஒண்ணும் பெரிய கருவி வேணாம், சால்டரிங் ஈயக் கம்பியை பிஸ்டன் பின் போற திசையில ரெண்டு ஓரத்துலயும் கிரீஸ் வச்சு ஒட்டி, ஹெட்டை டைட் பண்ணி, மேக்னெட்டைக் கையால ஒரு சுத்து சுத்தி எடுத்தா கம்பி நசுங்கியிருக்கும், அந்த நசுங்கின இடத்தை வெர்னியர்ல பாத்தா முடிஞ்சுது. பின் திசையை விட்டு குறுக்கால வச்சா பிஸ்டன் சாஞ்சு அளவு பொய் சொல்லும். ரோட்ல ஓட்டற வண்டிக்கு 1.2லருந்து 1.5 மில்லி வரைக்கும் நல்லா இருக்கும். 1 மில்லிக்கு கீழ போனா ஆர்பிஎம் ஏறும்போது பிஸ்டன் ஹெட்டை இடிக்கற ஆபத்து இருக்கு. 2 மில்லிக்கு மேல விட்டா கிட் போட்ட காசுக்கு இழுவையும் வராது, நாக்கிங்கும் சீக்கிரம் வரும். நிறைய பேர் இடைவெளி அதிகமா இருந்தா பத்திரம்னு நினைக்கறாங்க, அது உண்மையில்லை.

டைமிங்ல பண்ற தப்பு என்னன்னா காயில் பிளேட்ல இருக்கற பழைய குறியை அப்படியே நம்பறது. அது ஸ்டாண்டர்ட் இன்ஜினுக்கு, ஸ்டாண்டர்ட் மேக்னெட்டுக்கு போட்ட குறி. 177க்கு பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு முன்னாடி 18 டிகிரி பக்கத்துல வைங்க. 57 ஸ்ட்ரோக், 105 மில்லி கனெக்டிங் ராடு வச்சுப் பாத்தா பிஸ்டன் உச்சிக்கு சுமார் 1.76 மில்லி கீழ இருக்கற நேரத்துல பொறி விழணும். டயல் கேஜ் வச்சு உச்சியைக் கண்டுபிடிச்சு நீங்களே மேக்னெட்லயும் கேஸ்லயும் கோடு போட்டு, ஓடும்போது ஸ்ட்ரோப் லைட்ல பாருங்க. மேக்னெட் சுத்தற திசையிலயே பிளேட்டை நகத்தினா டைமிங் குறையும், எதிர் திசையில நகத்தினா கூடும். கூட வச்சா ஐடிலிங்ல துள்ளலா இருக்கற மாதிரி தெரியும், டாப் கியர்ல பத்து நிமிஷம் முறுக்கினா தான் சூடு தெரியும், அப்ப தெரிஞ்சு என்ன பண்றது.

இப்ப தான் ஜெட். ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, ஜெட்டை எப்பவும் பெருசுலருந்து கீழ இறங்கி வாங்க, சின்னதுலருந்து மேல ஏறாதீங்க. ரிச்சா இருந்தா வண்டி மூச்சு முட்டற மாதிரி பொம்முனு ஓடும், அவ்வளவுதான், லீனா இருந்தா பிஸ்டன் போயிடும். ஜெட் மேல இருக்கற நம்பர் ஓட்டையோட அளவு, 118ன்னா 1.18 மில்லி. எஸ்ஐ 20/20ங்கற மாடல் கார்பரேட்டர்ல டிஆர் 177க்கு 118 மாதிரி ஒண்ணுல ஆரம்பிச்சு ரெண்டு ரெண்டா இறக்கிப் பாக்கலாம்.

இதுல நம்ம ஊருக்குன்னே ஒரு விஷயம் இருக்கு. ஐரோப்பாக்காரங்க எழுதி வச்ச ஜெட் லிஸ்டை அப்படியே பாத்து போடாதீங்க. அங்க பெட்ரோல்ல எத்தனால் கம்மி, இங்க பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20. சுத்த பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காத்து, ஈ20க்கு 13.5 பக்கம் வந்துடும், அதாவது அதே காத்துக்கு பெட்ரோல் அதிகமா வேணும். அதனால அவங்க 110 சொன்னா நீங்க மூணு நாலு நம்பர் கூட்டி வச்சு தான் பரிசோதனையே ஆரம்பிக்கணும். பழைய ரப்பர் ஹோஸ், ஃப்ளோட் நீடில் முனையில இருக்கற ரப்பர் இதெல்லாம் எத்தனாலுக்கு ஊறி கெட்டுடும், அதையும் மாத்திடுங்க. ஊட்டி போய் அங்க வண்டி அடைக்குதுன்னு ஜெட்டை குறைக்கறதும் தப்பு, 2240 மீட்டர்ல காத்து லேசு அதான் ரிச் ஆகுது, அதே ஜெட்டோட மேட்டுப்பாளையம் இறங்கினா லீன்.

எஸ்ஐ கார்பரேட்டர்ல நீடில் கிடையாது, கால்வாசி ஆக்சிலேட்டர் வரைக்கும் ஐடில் ஜெட் தான் பெட்ரோல் குடுக்குது. மெயின் ஜெட்டை மட்டும் மாத்திட்டு இதை மறந்துடறாங்க, டவுனுக்குள்ள ஓட்டறதெல்லாம் லீன்லயே ஓடுது. ஐடில் ஜெட்ல ரெண்டு நம்பர் இருக்கும், முதல்ல பெட்ரோல் ஓட்டை, அடுத்தது காத்து ஓட்டை. 48/160ன்னா 160ஐ 48ஆல வகுத்தா 3.33, 55/160ன்னா 2.91, இந்த விடை சின்னதாக ஆக ரிச். ஏர் ஃபில்டரை மொத்தமா கழட்டி எறியாதீங்க, அந்த சத்தம் காதுக்கு நல்லா இருக்கும், கலவை தாறுமாறா போயிடும்.

பிளக் பாக்கறதும் ஒழுங்கா பாக்கணும். ஓட்டிட்டு வந்து ஐடிலிங்ல நிறுத்தி கழட்டிப் பாத்தா ஐடிலிங் கலர் தான் தெரியும். புது பிளக் போட்டு, காலி ரோட்ல டாப் கியர்ல முழு ஆக்சிலேட்டர்ல ஓட்டி, கிளட்சைப் பிடிச்சு அப்படியே இன்ஜினை ஆஃப் பண்ணி கழட்டி, பீங்கானோட அடியில உள்ளுக்குள்ள இருக்கற வளையத்தைப் பாருங்க. கிட்டுக்கு ஒரு படி கூலான பிளக், என்ஜிகேன்னா பி8எச்எஸ். பி8இஎஸ்னு மாத்தி வாங்கிட்டு வந்துடாதீங்க, எச்-ன்னா மரை நீளம் 12.7 மில்லி, இ-ன்னா 19 மில்லி, 150 ஹெட்ல நீளமானதைப் போட்டா பிஸ்டன்ல போய் முட்டும்.

ஆயில் நிறைய ஊத்தினா பத்திரம்னு ஒரு நம்பிக்கை இருக்கு. பெட்ரோலோட இடத்தை ஆயில் பிடிச்சுக்கறதால கலவை லீன் தான் ஆகும். நல்ல ஜாசோ எஃப்டி தர டூ ஸ்ட்ரோக் ஆயில்னா லிட்டருக்கு 20 மில்லிலிட்டர் போதும், ரன்னிங் இன் நேரத்துல மட்டும் 25, 30 வைங்க.

சைலன்சர் கடைசி. எக்ஸ்பான்ஷன் சேம்பர், அதாவது நடுவுல உப்பின ரேஸ் டைப் சைலன்சர், மாட்டினா ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்ல தான் இழுவை குவியும், ஜெட்டையும் திரும்ப முதல்லருந்து பாக்கணும், மூணாவதுலருந்து நாலாவது போட்டதும் அந்த ஆர்பிஎம்முக்குக் கீழ விழுந்து சோர்ந்து போகும். என்னைக் கேட்டா டவுன்லயும் ஹைவேலயும் ஓட்டற 177க்கு ஸ்டாண்டர்ட் மாதிரியே இருக்கற சைலன்சர் தான் சரி. ஆர்சில இருக்கறதுக்கு மாறா இன்ஜினை மாத்தறது மோட்டார் வாகனச் சட்டம் 52ம் பிரிவுக்குள்ள வரும், அதையும் தெரிஞ்சுக்கிட்டே இறங்குங்க.

எல்லாம் முடிஞ்சு வண்டி நல்லா ஓடுதுன்னு கொல்லிமலை கிளம்புவீங்க. 70 வளைவும் இறங்கி வரும்போது ஆக்சிலேட்டரை முழுசா மூடிட்டு ரெண்டாவது கியர்ல இன்ஜின் பிரேக்லயே இறங்காதீங்க, பெட்ரோலோட தான் ஆயிலும் போகுது, ஆக்சிலேட்டர் மூடியிருந்தா ஆர்பிஎம் மட்டும் ஏறும், ஆயில் போகாது. அப்பப்ப கிளட்சைப் பிடிச்சு லேசா முறுக்கி விடுங்க. கீழ வந்து இன்ஜின் முழுசா ஆறினதும் ஹெட் நட்டு நாலையும் குறுக்கு வரிசையில ஒரு தடவை டார்க் ரென்ச்ல டைட் பாத்துடுங்க.