மஸ்டர்டின் இசை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழில் தயாரிப்பாளர் என்றதும் படத்துக்குப் பணம் போடுபவரே நினைவுக்கு வருவதால், அமெரிக்க ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் டிஜே மஸ்டர்டைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதே முதல் பிழை நேர்ந்துவிடுகிறது. ஹிப்-ஹாப்பில் தயாரிப்பாளர் என்பவர் பீட்டை, அதாவது ராப் பாடகரின் குரலுக்கு அடியில் ஓடும் இசை முழுவதையும் அமைப்பவர். நம் வழக்கில் இசையமைப்பாளருக்கே அவர் நெருக்கமானவர்.

இதைவிடப் பெரிய தவறு, அவரது இசையின் வெறுமையைச் சோம்பலாக எண்ணுவது. ராப் பாடகர் டைகா பாடி 2011இல் வெளிவந்த 'ராக் சிட்டி'யைக் கவனித்துக் கேளுங்கள். சில சுரங்களே கொண்ட ஒரு மெட்டு, அடிவயிற்றில் அதிரும் பேஸ் எனும் தாழ்ந்த ஒலி, கைதட்டல் ஆகியவற்றுக்கு மேல் அதில் அதிகம் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் சிறுவயதிலேயே விருந்துகளில் பாட்டுப் போடப் பழகியவர் மஸ்டர்ட். பெரிய ஒலிபெருக்கியில் பல கருவிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் பேஸ் குழம்பிவிடும் என்பதும், ஆடுபவர்களின் கூச்சலுக்கும் இசையில் இடம் விட வேண்டும் என்பதும் அப்படிப்பட்ட மேடைகளில்தான் பிடிபடும். அந்தக் கூச்சலையே "ஹே" என்ற குழுக்குரலாக, தட்டுகளுக்கு இடையில் விழும்படி பீட்டுக்குள் அவர் வைத்தார்.

அவரைப் பின்பற்ற விரும்பும் இளைஞர்கள் தடுமாறுவதும் இங்கேதான். நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 தட்டுகள் என்ற வேகத்தையும், அந்த "ஹே"யையும், கைதட்டலையும் எடுத்துக்கொண்டு, பிறகு வெறுமை உறுத்துவதால் ஏதாவதொரு கருவியை இட்டு நிரப்பிவிடுகிறார்கள். ஒவ்வோர் ஒலியாக நிறுத்திப் பாருங்கள்; எதை நிறுத்தும்போது பாட்டு தளரவில்லையோ, அந்த ஒலி அங்கே தேவையில்லை. ஒலிகள் குறையும்போது ஒவ்வொன்றும் விழும் இடம் பல மடங்கு முக்கியமாகிறது என்பதால், இது எளிய வேலை அல்லவே அல்ல.

இந்தப் பாணி முழுவதையும் அவரே கண்டுபிடித்தார் என்று எழுதுவதும் நியாயமன்று. வட கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் அதற்கு முன்பே செழித்திருந்த ஹைஃபி என்ற ஹிப்-ஹாப் வகையின் துள்ளல் இதில் தெளிவாகக் கேட்கிறது. அவர் அதை மேலும் வடிகட்டி, வைஜி போன்ற லாஸ் ஏஞ்சல்ஸ் பாடகர்களின் குரலுக்குப் பொருத்தினார்.

2014ஐ ஒட்டி எழுந்த இந்தப் பாணியின் அலையோடு அவர் காலம் முடிந்தது என்று கருதுவோரும் உண்டு. ஆனால் அவர் பங்கேற்று உருவாக்கிய, பாடகி எல்லா மேயின் 'பூட் அப்', 2019இல் சிறந்த ஆர் அண்ட் பி பாடலுக்கான கிராமி விருதைப் பெற்றது. வேகம் குறைந்த அந்தக் காதல் பாட்டில் கிளப்பின் ஆரவாரம் இல்லை. பின்னர் 2024 மே மாதம், ராப் பாடகர் டிரேக்குடனான மோதலின்போது இன்னொரு ராப் பாடகரான கென்ட்ரிக் லாமார் வெளியிட்ட 'நாட் லைக் அஸ்' பாடலுக்கு, பழைய பதிவொன்றிலிருந்து எடுத்த இசைத்துணுக்கின் கீழே தம் பேஸையும் கைதட்டலையும் வைத்து பீட் அமைத்தார். 2025 பிப்ரவரியில் அது 5 கிராமி விருதுகளை வென்றது. அதே லாமார் 'டிவி ஆஃப்' பாடலின் நடுவே மஸ்டர்டின் பெயரை நீட்டி முழக்கியபோது, அதுவரை பீட்டை மட்டுமே அறிந்திருந்த பலருக்கு அதை அமைத்தவரின் பெயரும் தெரியவந்தது.