வெள்ளக்காரன் சிரிப்புக் கதப்பாட்ட நம்ம வீட்டுல சொல்லிக் காட்டுறது எப்படி

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு எஸ்டேட் ஓரத்துல டியூஷன் எடுக்கறேன். பழைய இங்கிலீஷ் பாட்டுனு சொன்னாலே புள்ளைங்க மொகம் சுருங்கிடும். 18ஆம் நூற்றாண்டுனா விக்கு வச்ச பெரிய மனுசங்க சாவப் பத்தியும் சூரியன் மறையறதப் பத்தியும் எழுதுனதுனு நெனப்பு. ஆனா அதே தொகுப்புகளுக்குள்ளதான் ஒட்டுக்கடை பெஞ்சுல உக்காந்து பேசற மாதிரி கதைங்களும் கெடக்கு, குடிச்சுட்டு பேயப் பாத்தவன் கத, குதிர நிக்காம ஓடுன கத, பொண்டாட்டி கேட்ட வரத்தால மாட்டிக்கிட்டவன் கத. அத எப்படி தேடிப் புடிச்சு, படிச்சு, இங்கிலீஷ் தெரியாத ஆளுக்கும் சிரிப்பு வர்ற மாதிரி சொல்றதுனு எனக்குத் தெரிஞ்ச வழிய எழுதறேன்.

தேடற வேல ஈசி. இணையத்துல இலவசமாவே கெடைக்குது. பொருளடக்கத்துல தலைப்புக்குக் கீழ 'ஏ டேல்' இல்லாட்டி 'ஏ ஃபேபிள்'னு போட்டிருந்தா அங்க நில்லுங்க, பெரும்பாலும் கததான். சிரிப்புப் பாட்டுன்னு தனிப் புத்தகம்தான் வேணும்னு தேடாதீங்க, சோகமும் கிண்டலும் ஒரே அட்டைக்குள்ள பக்கம் பக்கமா இருக்கும். 1748ல ராபர்ட் டாட்ஸ்லினு லண்டன்காரரு, முன்ன பெரிய வீடுகள்ல எடுபிடியா இருந்து அப்பறம் புத்தகக் கடை போட்டவரு, பல பேரு பாட்ட சேத்து மூனு வால்யூம் கொண்டாந்தாரு, 1758க்குள்ள அது ஆறாயிடுச்சு. அதுல தாமஸ் கிரேயோட பூனப் பாட்டு ஒன்னு இருக்கு. கிரேயோட சிநேகிதரு ஹோரஸ் வால்போல் வீட்டுப் பூன செலிமா தங்கமீன் தொட்டிக்குள்ள விழுந்து செத்துப்போனதுக்கு ராணி செத்த மாதிரி ஒப்பாரி. பூனைக்கு எதுக்குடா இவ்ளோ பெரிய வார்த்தைனு உங்களுக்குத் தோணுதுல்ல, அதுதான் அங்க ஜோக்.

பழைய அச்சுப் பக்கத்தோட படத்தப் பாத்துப் படிக்கறீங்கன்னா ஒரு தொல்ல இருக்கு. அப்பல்லாம் வார்த்தையோட முன்னாடியும் நடுவுலயும் வர்ற எஸ் எழுத்து நீட்டமா, எஃப் மாதிரியே இருக்கும். 'சேம்'ங்கறத 'ஃபேம்'னு படிச்சுட்டு அர்த்தம் புரியலன்னு முழிப்பீங்க. உத்துப் பாருங்க, எஃப்ல குறுக்குக்கோடு முழுசா போவும், அந்த எஸ்ல இடது பக்கம் மட்டும் சின்னதா நீட்டிட்டு இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. ரெண்டு பக்கம் படிச்சா கண்ணு பழகிடும்.

மொத நாளே பெருசா போவாதீங்க. கோல்ட்ஸ்மித் 1766ல தன்னோட நாவலுக்குள்ள வச்ச வெறிநாய் பாட்டு 32 வரிதான். இஸ்லிங்டன்ல ஒரு பக்திமான், அவருக்கு ஒரு நாய் சிநேகம், திடீர்னு நாய் அவரக் கடிச்சிடுது, ஊரே கூடி ஆளு பொழைக்க மாட்டாருனு அழுவுது. கடைசில ஆளு பொழைச்சுக்கிட்டாரு, செத்தது நாய். இத சொல்லும்போது கடைசி வரிக்கு முன்னாடி ஒரு மடக்கு தே ஓ, பாலில்லாத டீ, குடிச்சுட்டு சொல்லுங்க. கேக்கறவங்க ஆளு செத்துட்டாருனு முடிவு பண்ணி உச்சு கொட்டணும், அதுக்கப்பறம்தான் நாய்.

இது நடந்துச்சுனா அடுத்தது ஜான் கில்பின். வில்லியம் கூப்பர் எழுதுனது. அவரு மனசு ரொம்ப ஒடஞ்சு கெடந்த சமயத்துல லேடி ஆஸ்டின்னு தெரிஞ்ச அம்மா இந்தக் கதைய சொல்லி சிரிக்க வச்சாங்களாம், 1782ல பேரு போடாம பேப்பர்ல வந்துச்சு, 1785ல ஹென்டர்சன்னு ஒரு நாடக நடிகரு லண்டன்ல மேடையில படிச்சுக் காட்டுன பின்னாடிதான் ஊரெல்லாம் பத்திக்கிச்சு. இத நல்லா மனசுல வைங்க, பேப்பர்ல கெடந்தது வாயில வந்ததும்தான் பெருசாச்சு. அதனால கண்ணால படிக்காதீங்க. மேசைல வெரலால தட்டிக்கிட்டே சத்தமா படிங்க, ஒரு வரிக்கு நாலு தட்டு, அடுத்த வரிக்கு மூனு, மறுபடி நாலு, மூனு. குதிர ஓட ஓட உங்க தட்டும் வேகமாவும், நீங்க ஒன்னும் பண்ணவே வேணாம்.

சொல்றதுக்கு முன்னாடி கதைய தமிழ்ல ஒருக்கா கோத்துக்குங்க. கில்பின் லண்டன்ல துணிக்கடைக்காரன். கல்யாணமாயி இருபது வருசம் ஒரு லீவு கெடையாது. நாளைக்கி நம்ம கல்யாண நாளு, எட்மன்டன்ல போயி சாப்பிடுவோம்னு பொண்டாட்டி சொல்லுது, ஆனா வண்டில அதோட தங்கச்சி, தங்கச்சி புள்ள, சொந்தப் புள்ளைங்க மூனுனு ஏறிட்டா இவனுக்கு எடமில்ல, நீ குதிரைல வான்னு சொல்லுது. இவன் ஒரு கூட்டாளியோட குதிரைய எரவல் கேக்கறான். வைன் வெல ஜாஸ்தினு வீட்டு வைனையே எடுத்துக்கச் சொல்லுது. ஊரு கண்ணு பட்டு அலட்டறாங்கன்னு பேசிடுவாங்களோன்னு வண்டிய மூனு வீடு தள்ளி நிறுத்தச் சொல்லி ஏறுது. நம்ம எஸ்டேட் லயத்து வீட்டுல டாக்சி கூப்ட்டா அப்படித்தான நிறுத்துவாங்க. இவன் குதிரைல ஏறி உக்காந்தா மூனு கஸ்டமர் வர்றாங்க, காச விட மனசில்லாம எறங்கிடறான். அதுக்கப்பறம்தான் ஓட்டம். தொப்பி போச்சு, விக்கு போச்சு, மேலங்கி பறந்துச்சு, இடுப்புல கட்டுன ரெண்டு வைன் சாடியும் ஒடஞ்சு ஒழுவுது, டோல்ல நிக்கறவங்க ஏதோ ரேசுன்னு கேட்ட தொறந்து விடறாங்க. எட்மன்டன் மாடியில பொண்டாட்டி நின்னு கத்துது, குதிர கேக்கல, பத்து மைல் தள்ளி வேர்ங்கற ஊருல இருக்கற தன் மொதலாளி வீட்டுக்குப் போயித்தான் நிக்குது. அங்கேர்ந்து திரும்பி வரும்போது ஒரு கழுத கத்துச்சு, அவ்ளோதான், மறுபடி ஓட்டம்.

இதுல எல்லாரும் சறுக்கற ஒரு வார்த்த இருக்கு. குதிர குடுத்த கூட்டாளிய பாட்டுல 'காலண்டர்'னு சொல்லும். என் ஸ்டூடண்ட் ஒருத்தன் செவுத்துல மாட்டற காலண்டர் எப்படி சார் குதிர குடுக்கும்னு கேட்டான், நியாயமான கேள்வி. துணிய உருளைல குடுத்து அழுத்தி மினுமினுப்பாக்கற தொழில் செய்யறவனுக்கு அந்தப் பேரு. துணிக்கடைக்காரனுக்கு அவன்தான கூட்டாளியா இருப்பான்! சொல்லும்போது துணி தேய்க்கறவன்னு சொல்லிடுங்க, விளக்கம் குடுத்தீங்கன்னா சிரிப்பு செத்துடும். குதிரைய கப்சாய்னு சொல்ற சின்ன மோட்டர் சைக்கிளா மாத்தலாமான்னா, நானும் பண்ணிப் பாத்தேன், வேல செய்யல. மோட்டருக்கு மொதலாளி வீடு ஞாபகம் இருக்காதே.

ஸ்விஃப்ட் 1709ல போட்ட பாசிஸ் ஃபிலிமன் கதைய மட்டும் வேகமா படிச்சுடாதீங்க. ரோமாபுரிக் கவிஞரு ஓவிட் எழுதுன பழைய கதைல ரெண்டு கடவுள் பிச்சக்காரங்களா வந்து ஒரு ஏழ புருசன் பொண்டாட்டி வீட்ட கோயிலாக்கிடுவாங்க. ஸ்விஃப்ட் அத கென்ட்ல ஒரு கிராமத்துக்குக் கொண்டாந்து, கடவுளுக்குப் பதிலா ரெண்டு சாமியாருங்கள விட்டுட்டாரு. வீடு சர்ச்சாவும்போது ஒவ்வொரு சாமானா மாறுது, கெட்டில் மணியாவுது, நாக்காலி பாதிரி நின்னு பேசற மேடையாவுது, கட்டிலு ஜனங்க உக்கார்ற பெஞ்சாவுது. கட்டிலோட பழைய கொணம் மட்டும் போவல, இன்னும் ஆளுங்க அதுல தூங்கறாங்கன்னு சொல்றாரு பாருங்க, அங்கதான் குத்து. இந்த மாதிரி பாட்டுல எது மாறுச்சுனு பாக்காதீங்க, மாறியும் எது அப்படியே இருக்குனு பாருங்க. இத சொல்லிட்டு நம்ம கோயில் மண்டபத்துல ஆண்டுக்கூட்டம் நடக்கறப்ப யார் யாரு தூங்கறாங்கன்னு நீங்களே சேத்துக்கலாம், பேரு வேணாம்.

மேத்தியூ பிரையர் எழுதுன கரண்டிக் கதையும் இதே அச்சுதான், சாமிங்க வந்து மூனு வரம் குடுக்குது, பொண்டாட்டி அவசரத்துல ஒரு கரண்டி கேட்டுடுது, புருசனுக்கு வந்த கோவத்துல ரெண்டாவது வரம் அந்தக் கரண்டிய எங்க அனுப்புதுனு இங்க எழுத முடியாது. மூனாவது வரம் அத வெளிய எடுக்க. மாமியாரு இருக்கற எடத்துல இத படிக்காதீங்க, நான் படிச்சேன்.

கடைசியா டாம் ஓ ஷான்டர். ராபர்ட் பர்ன்ஸ் 1790ல எழுதி அடுத்த வருசம் வெளிய வந்தது, ஸ்காட்லாந்து பழங்கட்டடங்களப் பத்தி புத்தகம் போட்ட ஃபிரான்சிஸ் குரோஸ், அலோவே சர்ச்ச சேக்கணும்னா பேய்க்கத வேணும்னதால வந்த பாட்டு. பாஷ ஸ்காட்ஸ், வெறும் இங்கிலீஷ் வச்சுக்கிட்டு போனா மூனாவது வரில நொண்டுவீங்க, அருஞ்சொல் குறிப்பு உள்ள பதிப்பா எடுங்க. ஆனா கத நமக்கு சொல்லியே குடுக்க வேணாம். சந்த நாளுல குடிச்சுட்டு டாம் எந்திரிக்க மாட்டேங்கறான், வீட்டுல பொண்டாட்டி கேட் கோவம் ஆறிடக் கூடாதுன்னு அத அடகாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. மழைல குதிரைல வர்றான், பாழடஞ்ச சர்ச்சுல சூனியக்காரிங்க ஆட்டம், கம்முனு போவ வேண்டியவன் குட்டச்சட்ட போட்ட ஒருத்தியப் பாத்து வாய விட்டு சபாஷ் போட்டுடறான். வெளக்கு அணஞ்சு எல்லாம் தொரத்துது. ஓடற தண்ணிய அதுங்களால தாண்ட முடியாதுன்னு டூன் ஆத்துப் பாலத்துக்கு குதிர பாயுது, பாதி பாலம் போறதுக்குள்ள அவ குதிர வால புடிச்சு இழுத்துடறா. ஆளு தப்பிச்சான், வாலு போச்சு.

எங்கம்மா முப்பது வருசம் பால்மரம் வெட்டுனது, இங்கிலீஷ் ஒரு வார்த்த தெரியாது, நான் எந்தக் கதைய முடிச்சாலும் மொதல்ல அதுக்கிட்டதான் சொல்லிப் பாப்பேன், சரியான எடத்துல சிரிச்சுடுச்சுன்னா எனக்குப் பாட்டு புரிஞ்சிருக்குனு அர்த்தம். டாம் கத கேட்டப்ப சுடுகாட்டு வளைவுல கள்ளுக்கடை ஆளுங்க பாத்த பேயெல்லாம் வரிசையா சொல்லிட்டு, ஆமா வாலில்லாத குதிரையோட வந்து நின்னவனப் பாத்து அந்தப் பொம்பள என்னா கேட்டுச்சுன்னு கேட்டுச்சு. பர்ன்ஸ் அத எழுதலம்மான்னேன். அம்மா அடுப்ப அணச்சுட்டு வந்து உக்காந்து, கேட் என்னென்ன கேட்டிருக்கும்னு தானே ஆரம்பிச்சது, அன்னிக்கி சோறு ஒம்பதரைக்குத்தான்.